மேட்டுப் பக்கத்து ஆள்

‘தானாக ஏறி’ என்று அந்தத் தாளில் டைப் அடித்திருந்தது. அந்த இரண்டு சொல்லைத் தாண்டிப் போக முடியாமல் ரஞ்சிதா நாலாவது தடவையாக முதல் வரிக்குத் திரும்பினாள். தெருவில் பறை அதிர்ந்துகொண்டிருந்தது. சாவு வீட்டு நீர்மாலைக்குப் போனவர்கள் கண்மாயிலிருந்து குடத்தோடு வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு வழிவிட வேண்டும் என்றுகூடத் தோன்றாமல் அவள் அடிபம்பு மேடையில் நின்று படித்தாள்.

‘மேற்படி அய்யாக்கண்ணு என்பவர் வேலைக்கான கருவி ஏதுமின்றி வேடிக்கை பார்க்க வந்தவர். ஓடிக்கொண்டிருந்த டிராக்டரின் மட்கார்டில் தானாக ஏறி நின்று, நிலை தவறி விழுந்து இறந்துபோனார். இதில் எவர் மீதும் எங்களுக்குச் சந்தேகமோ புகாரோ இல்லை.’

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று சொல்லக் கேட்டிருக்கிறாள். ஆளையே, அதுவும் பெற்ற அப்பனையே, நாலு வரிக்குள் மறைத்து வைத்திருப்பதை இன்றுதான் பார்த்தாள்.

“படிச்சது போதும்த்தா” என்றார் முத்துராஜ். அம்மாவின் தம்பி அவர். முந்தாநாளிலிருந்து ஆஸ்பத்திரிக்கும் ஸ்டேஷனுக்குமாக அலைந்ததில் குரல் கம்மியிருந்தது. “கீழ ஒங்கம்மா கைநாட்டு வைக்கணும். பக்கத்துல நீ போடணும். நான் போட்டுட்டேன் பாரு. சாயங்காலத்துக்குள்ள டேசன்ல குடுத்துட்டா சோலி முடிஞ்சிரும்.”

“இத யாரு மாமா எழுதுனது?”

“காண்ட்ராக்டர் ஆளுங்கதான் டைப் அடிச்சுக் குடுத்தாங்க. எனக்கென்ன எழுதத் தெரியுமா?”

“படிச்சுப் பாத்தீங்களா?”

முத்துராஜ் பந்தல் காலைப் பார்த்தார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். படிக்காமல்தான் போட்டிருக்கிறார் என்பது அவளுக்குப் புரிந்தது. மாமன்மேல் கோபப்படுவதா, பாவப்படுவதா என்று தெரியாமல் அவள் தாளை மடித்துக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

பந்தலுக்குள் கண்ணாடிப் பெட்டியில் அய்யாக்கண்ணு கிடந்தார். அறுத்துத் தைத்த உடம்பு என்பதால் கட்டைப் பிரிக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். குளிப்பாட்டக் கொண்டுவந்த நீர்மாலைத் தண்ணீரைத் தலைமாட்டில் தெளிப்பதோடு சரி. முகம் மட்டும் தெரிந்தது. நெற்றியில் ஒட்டிய காசுக்குக் கீழே மூக்குத்தண்டின் இரண்டு பக்கமும் வெளுத்த தடம் இருந்தது. வேலை நேரத்தில் அவர் மாட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் கண்ணாடி பதிந்து பதிந்து விழுந்த தடம் அது. ரஞ்சிதா வேலை பார்க்கும் கடையிலிருந்து அவள்தான் அதை வாங்கி வந்து கொடுத்தாள். வேடிக்கை பார்க்க வந்தவராம்.

சுற்றுவட்டாரத்தில் வேலி ஓரம் சுத்தம் செய்ய வேண்டும் என்றால் அய்யாக்கண்ணுவைத்தான் கூப்பிடுவார்கள். தென்னந்தோப்பு வேலியில் மண்டிக்கிடக்கும் கருவையும் கொடியும் அவர் புதர் அறுக்கும் பிரஷ் கட்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினால் இரண்டு நாளில் காணாமல் போகும். ஆறு வருஷத்துக்கு முன்னால் அந்த மிஷினை எடுத்துக் கொடுத்ததும் ரஞ்சிதாதான். அறந்தாங்கியில் விவசாயக் கருவிகள் விற்கிற கடையில் பில் போடுகிற வேலை அவளுக்கு. எந்த வேலைக்கு எந்த மிஷின் என்று கேட்டு வருகிறவர்களுக்கு, முதலாளி இல்லாத நேரத்தில் அவளே பதில் சொல்லி அனுப்புவாள்.

முந்தாநாள் காலையில் அப்பா கேட்டதும் அதைத்தான். டிவிஎஸ் வண்டியில் அவளைப் பஸ் ஸ்டாப்பில் இறக்கிவிட்டார். வண்டிக்குப் பின்னால் குறுக்குவாட்டில் கட்டியிருந்த பிரஷ் கட்டரின் பிளேடுக்குச் சாக்கு சுற்றியிருந்தது. போகிற வருகிற ஆள் காலில் பட்டுவிடக் கூடாது என்று அவர் எப்போதும் சுற்றுகிற சாக்கு.

“ஏத்தா, ஒங்க கடையில ஒருத்தன் வந்து கேக்குறான்னு வையி. சுடுகாட்டுப் பாதையோட வேலி ஓரமும் வெட்டணும், பக்கத்துல கண்மாய்க்குத் தண்ணி வர்ற வரத்துவாரிக் கரையும் வெட்டணும். ரெண்டுக்கும் ஒரே மிஷினு குடுப்பியா?” என்றார்.

“யாருக்கு வேலை?”

“சரவணக்குமாருதான் காண்ட்ராக்டு. மழைக்கு முன்ன வாரிய முடிக்கணுமாம். டிராக்டருல செடி அடிக்கிற சிலாசர மாட்டி, ரெண்டையும் ஒரே ஓட்டா ஓட்டிரலாங்கிறாரு.”

“வேலி ஓரம் சமதரை. அங்கிட்டு டிராக்டர் ஓடும். வாரிக்கரை எம்புட்டுச் சரிவுப்பா?”

அய்யாக்கண்ணு உள்ளங்கையை நீட்டிப் பிடித்து மெல்லச் சாய்த்துக் காட்டினார். சாய்ந்துகொண்டே போன கை ரொம்ப நேரம் கழித்துத்தான் நின்றது. “ஆடே அங்க நின்னு மேயாது. எறங்குனா ஓட்டமாத்தான் எறங்கும்.”

“அப்ப சக்கரம் வச்ச எதுவும் அங்க எறங்கக் கூடாதுப்பா. மேல சமதரையில நின்னுக்கிட்டு, கைய மட்டும் நீட்டி எடுக்குற லாங் பூம் இட்டாச்சி வேணும். இல்லாட்டி ஒங்க மிஷினு.”

“நானும் அதத்தான் சொன்னேன். மேல நின்னு எட்டி எடு. இல்லயா, மனுசன் எறங்கி குதிகாலுக்குப் பள்ளம் வெட்டிக்கிட்டு, ஒரு ஒரு அடியா அறுக்கணும். இது ரெண்டுக்கும் நடுவுல வேற வழி கெடையாது.”

“என்ன சொன்னாரு?”

“லாங் பூமு கீரனூர்ப் பக்கம் நிக்கிதாம். வந்து சேர ஒரு வாரமாகுமாம். இங்க டிராக்டரு சும்மாத்தான நிக்கிதுங்கிறாரு.” அய்யாக்கண்ணு சிரித்தார். “சும்மா நிக்கிதுங்கிறதுக்காக அம்மிய எடுத்து மாவு சலிக்க முடியுமா? நான் எம் மிஷினோட எறங்கப் போறேன். அவரு வேலி ஓரத்த டிராக்டருல ஓட்டிக்கிடட்டும்.”

பஸ் வந்துவிட்டது. சாப்பாட்டுத் தூக்கை மறக்காமல் எடுத்தாயா என்று அவர் கேட்டதும், எடுத்தேன் என்று அவள் சொன்னதும்தான் கடைசி.

மிச்சத்தை அவளுக்குச் சொன்னது கருப்பன். சரவணக்குமாரின் டிராக்டரை ஓட்டுகிறவர். அப்பாவின் கூட்டாளி. அவள் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவாள். ஆஸ்பத்திரி வராந்தாவில், மாவுக்கட்டுப் போட்ட இடது கையை மடியில் கிடத்திக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி சொன்னார்.

இந்தப் பக்கத்து டிராக்டர்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. சரிவில் குறுக்காக ஓட்டும்போது மேட்டுப் பக்கத்துச் சக்கரம் தரையை விட்டுத் தூக்கப் பார்க்கும். அப்போது அந்தப் பக்கத்து மட்கார்டில் ஒரு ஆளை ஏற்றி நிற்க வைப்பார்கள். அதற்குக் ‘கனத்துக்கு ஆள்’ என்று பெயர். வைக்கோல் வண்டி வரப்புத் தாண்டும்போது செய்கிற வித்தை. ஆளையே எடைக்கல்லாக வைக்கிற வித்தை.

“காண்ட்ராக்டரு கரைமேல நின்னாரு. ‘கனத்துக்கு ஒரு ஆளு ஏறிக்கங்கப்பா’ன்னாரு. ஒங்கப்பா அங்கிட்டுத் தள்ளி அறுத்துக்கிட்டு இருந்தவரு, மிஷின நிப்பாட்டிட்டு, ‘இது சக்கரம் எறங்குற எடமில்ல தம்பி, வேணாம்’னாரு. அதுக்கு அவரு, ‘நீ ஏற வேணாம். கருப்பா, கனமில்லாமயே ஓட்டுடா’ன்னாரு. நானும் கியரப் போட்டுட்டேன்த்தா. நான் ஒத்தையாப் போனா பொரண்டுருவேன்னு ஒங்கப்பாவுக்குத் தெரியும். மிஷின வச்சுட்டு ஓடியாந்து ஏறுனாரு. நாப்பதடி போயிருக்க மாட்டோம். மேட்டுச் சக்கரம் எந்திரிச்சிருச்சு. அவரு நின்ன பக்கந்தான் மேல வந்து கவுந்துச்சு. நான் குதிச்சுட்டேன்.”

இதைச் சொன்ன மனிதர்தான் இப்போது பந்தலின் கோடியில் பிளாஸ்டிக் நாற்காலி நுனியில், தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நேற்று வாய் திறந்தவர் இன்று வாய்க்குப் பூட்டுப் போட்டிருந்தார். அவர் ஓட்டுகிற வண்டி சரவணக்குமாருடையது. குடியிருக்கிற தகர வீடும் சரவணக்குமாரின் செங்கல் காளவாசல் ஓரத்தில்தான் இருக்கிறது. ரஞ்சிதாவுக்கு அது தெரியும். தெரிந்தாலும் மனசு ஆறவில்லை.

பத்தரை மணிக்குச் சரவணக்குமார் வெள்ளைச் சட்டையும் கையில் இரண்டு போனுமாக வந்தார். பின்னால் இரண்டு பேர் ஒரு ரோஜா மாலையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பந்தலில் இருந்த ஆண்களில் பாதிப்பேர் எழுந்து நின்றார்கள். அவர் பெட்டிக்கு முன்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுதது என்பார்களே, அந்தக் கதையை நேரில் பார்ப்பது போல ரஞ்சிதா பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நல்ல மனுசன்” என்றார் சரவணக்குமார், எல்லாருக்கும் கேட்கும்படி. “சுடுகாட்டுப் பாதை பூரா கருவை மூடிக் கெடக்கு. பாடை போவாது. நம்ம அய்யாக்கண்ணு அண்ணன முள்ளுக்குள்ள தூக்கிட்டுப் போறதான்னு எனக்கு மனசு கேக்கல. கீரனூர்லேருந்து லாங் பூம் மிஷினக் கொண்டாந்து நிப்பாட்டியிருக்கேன். இப்பப் பாதைய எடுத்துக் குடுத்துரும்.”

“பெரிய மனசுங்க” என்று ஒரு பெரியவர் சொன்னார். “யாரு செய்வா இந்தக் காலத்துல” என்றது இன்னொரு குரல்.

ரஞ்சிதா, “லாங் பூமு வந்துருச்சா?” என்று கேட்டாள். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. “வர ஒரு வாரமாகும்னு எங்கப்பாகிட்ட சொன்னீங்களே அண்ணே. இப்ப எப்புடி ஒரே ராத்திரியில வந்துச்சு?”

“சாவு வீடுல்ல பாப்பா, அதான் அவசரமா…” என்றார் சரவணக்குமார்.

“சாவு வீடாகாம இருக்கத்தான் அது வேணும்னு அவரு கேட்டாரு.”

“ஏ புள்ள, என்ன பேச்சு இது” என்று பெரியவர் அதட்டினார். மாலையைக் கொண்டுவந்தவர்கள் அதைப் பெட்டிமேல் வைக்கக் குனிந்தார்கள். ரஞ்சிதா குறுக்கே போய் நின்றாள்.

“மாலை வேணாம். இந்த ஒரு வரிய அடிச்சுட்டுப் போடுங்க.” கையிலிருந்த தாளைப் பிரித்து உரக்கப் படித்தாள். எழுதிய தமிழ் அந்தப் பந்தலில் விநோதமாக ஒலித்தது. ‘கருவி ஏதுமின்றி வேடிக்கை பார்க்க வந்தவர்’ என்ற இடத்தில் அவள் குரல் உடைந்தது. விடாமல் ‘தானாக ஏறி’ வரைக்கும் படித்து முடித்தாள். “எங்கப்பாவுக்கு டிராக்டர் மட்கார்டுல ஏறி வேடிக்கை பாக்குற வயசா? அம்பத்தெட்டு வயசு மனுசன எடைக்கல்லா வச்சு ஓட்டிட்டு, அவரே ஏறி விழுந்தாருன்னு எழுதுவீங்களா?”

சரவணக்குமாருக்கு முகம் கறுத்தது. ஆனால் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தாமல் பேசப் பழகியவர் அவர். “நீ எடத்துல இல்ல பாப்பா. நான் இருந்தேன். மனுசன் சும்மாத்தான் வந்தாரு. கையில ஒரு சாமானும் இல்ல.”

“பிரஷ் கட்டரு கொண்டு போனாரு. வண்டியில கட்டியிருந்தத நான் பாத்தேன்.”

“டிவிஎஸ்ஸ எங்க ஆளுங்கதான் நேத்து கொண்டாந்து விட்டாங்க. அதுல இருந்துச்சா? வீட்டுல இருக்கா? இருந்தாக் காட்டு. நானே அந்த வரிய அடிச்சுடுறேன்.”

வீட்டில் இல்லை. நேற்றே தேடிவிட்டாள். வண்டியில் கட்டுகிற ரப்பர் கயிறு மட்டும்தான் வந்திருந்தது. அவள் பந்தல் கோடியைப் பார்த்தாள்.

“சித்தப்பா, நீங்க சொல்லுங்க.”

நாற்பது தலைகள் திரும்பின. கருப்பன் மாவுக்கட்டின் விளிம்பை வலது கை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். சரவணக்குமாரும் அவரைத்தான் பார்த்தார். கருப்பன் தலையை இன்னும் தாழ்த்திக்கொண்டார்.

“பொணத்த வச்சுக்கிட்டு வழக்குப் பேசாதீங்க” என்று பெரியவர் எழுந்தார். “முத்துராசு, ஒன் அக்கா மகளை உள்ள கூட்டிட்டுப் போ. விதி முடிஞ்சு போனவருக்கு யாரு என்ன செய்ய முடியும்.”

விதி. நேற்றிலிருந்து இந்தச் சொல்லை எத்தனை வாயிலிருந்து கேட்டுவிட்டாள். விதியா கியர் போடச் சொன்னது? விதிக்கு வெள்ளைச் சட்டையும் கையில் இரண்டு போனுமா இருக்கிறது? கேட்டிருப்பாள். அதற்குள் அவள் கையிலிருந்த தாளை யாரோ மெல்ல உருவினார்கள்.

அம்மா மீனம்மாள்தான். நேற்று மத்தியானத்திலிருந்து ஒரு வார்த்தை பேசாமல் பெட்டியின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தவள். அவள் தாளை இரண்டாக மடித்தாள், நான்காக மடித்தாள், இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“இதுல நான் கைநாட்டு வச்சாத்தான செல்லும்?” என்று தம்பியைக் கேட்டாள்.

“ஆமாக்கா.”

“வைக்கல. வெயிலு ஏறுது, அவரத் தூக்குங்க.” சரவணக்குமார் பக்கம் அவள் திரும்பவே இல்லை. “அந்த மாலைய அங்கிட்டு வைங்க. எம் மக வேணாங்கிறா.”

மாலை பந்தல் காலில் தொங்கியது. பாடை எழுந்தது.

பெண்கள் வாரிப் பாலம் வரைக்கும்தான் போகலாம். அதற்கு அப்பால் ஒற்றைப் பாதை வரத்துவாரிக் கரையை ஒட்டிச் சுடுகாட்டுக்குப் போகும். ஒரு பக்கம் தோப்பு வேலி, மறுபக்கம் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு இறங்குகிற வாரிச் சரிவு. வேலியிலிருந்து கருவை சாய்ந்து, சரிவிலிருந்து கொடி ஏறி, இரண்டும் நடுவில் கைகோத்துக் கிடந்தன. வேலை முடியாத பாதை. அந்த வேலையைச் செய்யப் போனவர்தான் பாலத்தின் இந்தப் பக்கம் தோள்களின் மேல் காத்திருந்தார்.

மஞ்சள் நிற மிஷின் பாதையின் தொடக்கத்தில், சமதரையில் நின்றிருந்தது. அதன் நீளமான கை வேலியைத் தாண்டிப் போய்க் கருவையைக் கொத்தாகப் பிடுங்கியது. திரும்பி, மிஷின் இருந்த இடத்தில் இருந்தபடியே, சரிவின் அடிவரைக்கும் இறங்கிக் கொடிகளை வழித்துக்கொண்டு ஏறியது. பத்து நிமிஷத்தில் முப்பது அடி வெளுத்தது. ரஞ்சிதா அந்தக் கையையே பார்த்தாள். கடையில் எத்தனை பேருக்கு இதைச் சொல்லியிருக்கிறாள். அது வேலை செய்வதைப் பார்த்தது இன்றுதான்.

டிரைவர் கொஞ்சம் எட்டி எடுப்பதற்காக மிஷினைக் கரை ஓரத்துக்கு நகர்த்தினான். சரவணக்குமார் துண்டை வீசிக்கொண்டு ஓடினார்.

“ஏய், ஓரத்துக்குப் போவாத! இது சக்கரம், செயினு எதுவும் எறங்குற எடமில்ல. கரை உள்ள வாங்கும். மேல சமதரையிலயே நின்னு, எட்டி எடு!”

ரஞ்சிதா பாலத்தின் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அப்பா சொன்ன அதே சொற்கள். அப்படியானால் தெரியாமல் செய்யவில்லை இந்த ஆள். காதில் விழாமலும் போகவில்லை. ஒரு வார்த்தை சிந்தாமல் கேட்டு, பத்திரமாக வைத்திருந்து, இன்று தன் மிஷினுக்காக எடுத்துச் சொல்கிறான்.

டிரைவர் எஞ்சினைத் தணித்துவிட்டுத் தலையை நீட்டினான். வெளியூர்க்காரன். இன்ன சாவு, இன்னாருடைய சாவு என்று ஒன்றும் அறியாதவன். “தெரியும்ண்ணே. விடியக்காலம் ஒங்க டிராக்டரத் தூக்கையிலயே பாத்தேன்ல. அதுக்குத்தான வரச் சொன்னீங்க. இந்தப் பாதை வேலைய முன்னாடியே சொல்லியிருந்தா ஆறு மணிக்கே முடிச்சிருப்பேன்.”

கீரனூரிலிருந்து ஒரே ராத்திரியில் மிஷின் வந்தது எதற்காக என்பது பாலத்தில் நின்ற அத்தனை பேருக்கும் விளங்கிவிட்டது. ‘பெரிய மனசு’ என்று சொன்ன பெரியவர் செருமிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

வழி விட்டதும் பாடை நகர்ந்தது. முன்னால் கொள்ளிச்சட்டியோடு அப்பாவின் அண்ணன் மகன், பின்னால் நாலு பேர் தோளில் அய்யாக்கண்ணு. பச்சையாக வழித்த மண் வாரிப் பக்கம் சாய்வாக இருந்தது. இருபது அடி போவதற்குள் பள்ளத்துப் பக்கம் தூக்கியவர்களில் ஒருவனுக்குக் கால் வழுக்கியது. பாடை சாய்ந்தது. மேட்டுப் பக்கத்து மூங்கில் தோளை விட்டு எழும்பியது. பெண்கள் கூச்சல் போட்டார்கள்.

“சாயுது, சாயுது!” என்று சரவணக்குமார் கத்தினார். “மேட்டுப் பக்கம் கனத்துக்கு ஒரு ஆளு புடிங்கப்பா!”

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே அது கேட்டிருக்க வேண்டும். வீசிய துண்டு பாதியில் நின்றது. பறை நின்றது. சாய்ந்த பாடையை எப்படியோ தாங்கியபடி நாலு பேரும் அசையாமல் நின்றார்கள். மேட்டுப் பக்கம் யாரும் போகவில்லை.

“முந்தாநாளும் இதே வார்த்தையத்தான் சொன்னீங்க.”

கருப்பன் பேசினார். கூட்டத்தின் கடைசியில் வந்துகொண்டிருந்தவர், வேலி ஓரமாகவே முன்னால் நடந்து வந்தார். மாவுக்கட்டுக் கை கழுத்துத் துண்டில் தொங்கியது. “அவரா ஏறல. வேணாம் வேணாம்னுதான் சொன்னாரு. நீங்க என்னைய ஒத்தையா ஓட்டச் சொன்னீங்க. எனக்காக ஏறுனாரு.”

“கருப்பா” என்றார் சரவணக்குமார்.

“இருங்க, சொல்லிக்கிறேன். டேசன்லயும் இதத்தான் சொல்லுவேன். வண்டி சாவிய வேணாலும் இப்பவே வாங்கிக்கங்க.” டவுசர் பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். சரவணக்குமார் வாங்கவில்லை. கருப்பன் அதைக் காலடியில் வைத்துவிட்டு, மேட்டுப் பக்கம் போய், எழும்பி நின்ற மூங்கிலை வலது கையால் எட்டிப் பிடித்து உடம்போடு தொங்கினார். பாடை நிமிர்ந்தது.

“போங்கப்பா” என்றார்.

அவர்கள் போனார்கள். பறைச் சத்தம் வேலி வளைவில் திரும்பி மங்கியது.

பெண்கள் ஒவ்வொருவராக வீட்டுக்குத் திரும்பினார்கள். மீனம்மாள் பாலத்திலேயே நின்றாள். இடுப்பிலிருந்த தாளை எடுத்து மகளிடம் நீட்டினாள்.

“இதுல எழுதாத எடம் இருக்கா?”

“பின்பக்கம் சும்மா இருக்கும்மா.”

“அப்ப அங்க எழுது. கருப்பன் சொன்னத எழுது. நான் கைநாட்டு வக்கிறேன்.” பந்தலில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு ஆகவில்லை, நான் முன்னால் போகிறேன் என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

சரவணக்குமார் போனைக் காதில் வைத்துக்கொண்டு எப்போது போனார் என்று யாரும் பார்க்கவில்லை. மிஷின் மட்டும் சமதரையில் ஓடாமல் நின்றது. டிரைவர் கீழே இறங்கி, கையில் தொப்பியோடு, ரஞ்சிதாவிடம் வரலாமா வேண்டாமா என்று யோசிப்பவன் போல நின்றான்.

“தங்கச்சி, யாரு என்னன்னு தெரியாமப் பேசிட்டேன். மன்னிச்சுக்க.” பிறகு வேலி ஓரத்துப் புங்க மரத்தைக் காட்டினான். “அந்த மரத்த மூடியிருந்த கொடிய இழுத்தப்ப உள்ள என்னமோ சாக்குல சுத்தித் தொங்குச்சு. ஏதும் முக்கியமான சாமானா இருக்கப் போவுதுன்னு அதத் தொடல.”

பெண்கள் தாண்டக் கூடாத இடம் அது. ரஞ்சிதா தாண்டிப் போனாள்.

மரத்துக்கு நேர் கீழே வாரிச் சரிவில், மிஷின் படாத ஒரு துண்டு இருந்தது. பதினைந்து அடி இருக்கும். தரையோடு தரையாக, மொட்டை அடித்த தலையைப் போல மழுங்க அறுத்திருந்தது. அதில் குதிகால் வைக்கிற பள்ளங்கள் வரிசையாகப் போயின. ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். ஒன்பதாவது பள்ளம் பாதிதான் வெட்டியிருந்தது. அதற்கு அப்பால் டயர் தடம்.

தாழ்ந்த கிளையில், வார்ப்பட்டையை இரண்டு சுற்றுச் சுற்றி, பிளேடு வெளிப்பக்கம் திரும்பாமல், பிரஷ் கட்டர் தொங்கியது. அவசரமாக ஓடுகிற நேரத்திலும் பிளேடுக்குச் சாக்கு சுற்றியிருந்தார். முடிச்சுப் போட மட்டும் நேரம் இருந்திருக்காது. சாக்கின் நுனியை வெறுமனே செருகியிருந்தது.

அவள் போனை எடுத்து மரத்தை ஒரு படம் எடுத்தாள். சரிவை ஒரு படம் எடுத்தாள். பிறகு வார்ப்பட்டையை அவிழ்த்து மிஷினை இறக்கினாள். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. இடுப்பில் அணைத்துக்கொண்டு, கடையில் செய்கிற பழக்கத்தில், டேங்கை லேசாக ஆட்டிப் பார்த்தாள்.

பெட்ரோல் முக்கால்வாசி இருந்தது.